சாப்பிடாத ஓட்டலுக்கு எட்டரை மதிப்பெண்

என் சகலை லிஃப்ட் பரிசோதகர். சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை போவார். மேலே மெஷின் ரூமில் பிரேக்கைப் பார்ப்பார், கம்பிவடத்தில் எங்காவது இழை பிரிந்திருக்கிறதா என்று துணியைச் சுற்றித் தடவிப் பார்ப்பார், கீழே குழிக்குள் இறங்கி டார்ச் அடிப்பார். மூடுகிற கதவுக்கு நடுவே தன் கையையே நீட்டிச் சோதிப்பார். எல்லாம் சரியென்றால்தான் சான்றிதழில் கையெழுத்து. "கண்ணால பாக்காததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்பார். இதனால் அவரைத் திட்டாத கட்டடச் சொந்தக்காரர்கள் குறைவு.

இந்த மனுஷனுக்கு இருந்த ஒரே கிறுக்கு, வெளிநாட்டுக்குப் போய்ச் சாப்பிடுவது. மற்றவர்கள் கோயில், கடற்கரை, அருங்காட்சியகம் என்று பார்க்கப் போவார்கள். இவருக்கு அதெல்லாம் இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே பசி எடுப்பதற்கான ஏற்பாடு. புறப்பட நான்கு மாதம் இருக்கும்போதே பெரிய கட்டம் போட்ட தாளை விரித்துவிடுவார். எந்தக் கடைக்கு எந்தக் கிழமை விடுமுறை, எந்த மேசை ஜன்னலோரம், காலையில் இன்னதைத் தின்றால் மதியம் இன்னதை வயிறு ஏற்குமா, ஓர் ஓட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனை நிமிஷம் நடக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். நாங்கள் இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் போவோம். குடும்பத்தில் அவருக்குப் பெயரே மெனு. "மெனு மாமா பர்மிஷன் குடுத்தாதான் நமக்குத் தண்ணியே" என்பாள் என் மனைவி.

விடுதிக்குத் திரும்பியதும் ஒவ்வொரு சாப்பாட்டைப் பற்றியும் இணையத்தில் விமர்சனம் எழுதுவார். பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று போடுவார், அரை மதிப்பெண்ணுக்கு அரை நாள் யோசிப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் படித்தார்கள். உப்பு தூக்கலாக இருந்தது என்று அவர் எழுதினால் உப்பு தூக்கலாகத்தான் இருந்திருக்கும். லிஃப்டுக்குக் கையெழுத்துப் போடுகிற அதே ஆள்தானே இதையும் எழுதுகிறார் என்று எனக்கே பெருமையாக இருக்கும்.

நான் சொல்ல வந்த பயணத்தில் மூன்று நாளைக்கு ஒன்பது சாப்பாடு. ஐந்தாவது, துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், எட்டே மேசை போட்ட சின்ன ஓட்டல். மீனை ஒரு வெள்ளைக் குழம்பில் போட்டுத் தருவார்கள், அதற்காகவே தொலைவிலிருந்தெல்லாம் வருகிறார்கள் என்று ஆறு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெயிலில் நடந்து போனோம். ஷட்டர் இறக்கியிருந்தது. புகைபோக்கி பழுதுபார்க்கிறார்கள், இந்த வாரம் முழுக்கக் கடை இல்லை என்று ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். நாங்கள் ரயில் நிலையத்தில் ரொட்டியும் வாழைப்பழமும் தின்றோம். சகலை வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் மனைவிமார்கள் இன்னும் இறங்கி வரவில்லை. சகலை கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்கு விமர்சனங்கள் எழுதியாகிவிட்டது, ஐந்தாவது இடம் காலி. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"என்ன சகலை, ஒம்போது மணி மாலையில ஒண்ணு கழண்டு விழுந்துருச்சா?" என்று சீண்டினேன்.

"முழு லிஸ்டையும் முன்கூட்டியே போட்டுட்டேன். எல்லாரும் இதத்தான் எதிர்பாத்துட்டு இருக்காங்க."

"அப்ப எழுதிடுங்க. அந்தக் கடையப் பத்தி நாப்பது பேர் எழுதுனத படிச்சிருக்கீங்க. சாப்பிட்டவன விட உங்களுக்கு நல்லாத் தெரியும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. மேசை, விளக்கு, மீனின் பதம் என்று அவர் அடித்துக்கொண்டே போனார். குழம்பு வந்ததும் விரல் நின்றது; அதில் என்ன போடுகிறார்கள் என்று அந்த நாற்பது பேரில் ஒருவரும் எழுதவில்லை. நான் எட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் பாலை மட்டுமே சுண்ட வச்சுக் கெட்டியாக்குன குழம்புன்னு போடுங்க. படிக்கிறவனுக்கு நாக்கு ஊறும்" என்றேன். அப்படியே போட்டார். எட்டரை மதிப்பெண். அந்த வாக்கியம் என்னுடையது. இதைப் படிக்கிறவர்கள் அதை மறக்க வேண்டாம்.

ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து ஒரு பெண் அந்த விமர்சனத்துக்குக் கீழே எழுதியிருந்தாள். சகலை எழுதுவதற்கெல்லாம் தவறாமல் நான்கு வரி எழுதுகிறவள். முகப்புப் படத்தில் அவள் முகம் இருக்காது, ஒரு ஜோடிச் சின்ன மஞ்சள் செருப்பு இருக்கும். "எங்க பொண்ணுக்கு ஆறு வயசு. முந்திரி, பாதாம் எது பட்டாலும் மூச்சு அடைச்சிடும். அந்தக் குழம்புல அதெல்லாம் அரைச்சு விடுறாங்களா சார்? பதினாலாம் தேதி நாங்க அங்க இருப்போம்."

சகலை எனக்குப் போன் செய்தார். "என்ன சொல்றது?"

நான் என் துணிக்கடையில் யாருக்கோ திரைச்சீலை அளந்துகொண்டிருந்தேன். "அதான் பாலுன்னு எழுதியாச்சே. இப்பப் போய்த் தெரியலன்னா, சாப்பிடவே இல்லைன்னு குட்டு உடைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அளவைக் குறித்தேன். அன்றைக்கு எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அந்தத் துணியின் அளவு இன்றைக்கும் நினைவிருக்கிறது, ஏழடி நான்கு அங்குலம்.

அவர் பதில் போட்டார். "பயப்படாதீங்கம்மா. பால் மட்டும்தான். நானே சமையலறையில் கேட்டுவிட்டேன்." கடைசி வரி அவராகச் சேர்த்தது. வெறுமனே சொன்னால் பொறுப்பில்லாத மாதிரி இருக்குமே என்று சேர்த்தாராம். அவள், "உங்களை நம்பித்தான் போறோம் சார்" என்று எழுதினாள்.

அதோடு சரி. பதினான்கு போனது, இருபது போனது. அடுத்த மாதம் ஒரு மத்தியானம் சகலை என் கடைக்குள் வந்து, துணிச் சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். சட்டையில் கிரீஸ், முகத்தில் ரத்தமே இல்லை. போனை நீட்டினார். வேறு யாரோ ஒரு பயணி அந்த ஓட்டலைப் பற்றி எழுதியிருந்தான். பாதாமை நைசாக அரைத்து ஊற்றிய அந்த வெள்ளைக் குழம்பு, என்று முதல் வரியிலேயே இருந்தது.

"அந்தம்மா பதிமூணாம் தேதிக்கு அப்பறம் எங்கயுமே ஒரு வார்த்தை எழுதல. மூணு மெசேஜ் அனுப்பிட்டேன். படிக்கவே இல்ல" என்றார்.

"ஏதாவது வேலையா இருப்பாங்க சகலை."

"ரெண்டு வருஷமா ஒரு வாரம் விட்டது கிடையாது."

அன்றிலிருந்து அவர் பழைய மனுஷன் இல்லை. விமர்சனத்துக்கு மேலேயே, நான் இந்தக் கடையில் சாப்பிடவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை, இதில் பாதாம் இருக்கிறது என்று எழுதிப் போட்டார். வாசகர்கள் கிழி கிழியென்று கிழித்தார்கள். அவருக்கு அது உறைக்கவே இல்லை, அந்த மஞ்சள் செருப்பு வந்து திட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அது வரவில்லை. அந்த ஊர்ச் செய்தித்தாள்களை மொழிபெயர்ப்பில் போட்டு, பதினான்காம் தேதியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகத் தேடினார். எதுவும் இல்லை. இல்லை என்பதும் அவரைத் தூங்க விடவில்லை.

வேலையிலும் பிடித்துக்கொண்டது. ஒரு லிஃப்டை ஒரு நாளில் பார்க்கிறவர் மூன்று நாள் பார்த்தார். காலி லிஃப்டில் தனியாக நிற்கும்போது பின்னால் யாரோ மூச்சுக்குத் திணறுகிற மாதிரி கேட்கிறது என்றார். "திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. ஆனா கதவ மூட பட்டன அழுத்த முடியல. ஏதோ சின்னப் பிள்ள இன்னும் உள்ள வராத மாதிரி." ஒருநாள் என் வீட்டு வாசலில் நின்றபடி தன் இடுப்புக்குக் கையை வைத்துக் காட்டி, "ஆறு வயசுன்னா இவ்வளவு உயரம் இருக்குமா?" என்று கேட்டார். என் மனைவி உள்ளேயிருந்து, "யாருக்கு மாமா சட்டை எடுக்கறீங்க?" என்றாள். அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் மனைவி வயிற்றில் ஏதோ கோளாறு என்று நினைத்து டாக்டரிடம் கூட்டிப்போய்க் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னாள். வயிறு சுத்தமாக இருந்தது. வீட்டில் யாரும் அந்த விமர்சனங்களைப் படிப்பதில்லை, விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். பயந்துகொண்டேதான் நானும் இருந்தேன், ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கியது. பெயர் அவருடையது, பதில் அவருடையது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

"நேர்ல போய்க் கேட்டுட்டு வந்துடறேன். நீங்களும் வாங்க சகலை, தனியா அந்தப் பதில வாங்க எனக்குத் தெம்பில்ல" என்றார் ஒருநாள். லிஃப்ட் கண்காட்சிக்குப் போகிறோம் என்று வீடுகளில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். ஒரு பொய்யைக் கழுவ இன்னொரு பொய். நான்கு மாதத் திட்டமெல்லாம் இல்லை. ஒரு ஊர், ஒரு கடை, ஒரு சாப்பாடு.

மதியம் போனோம். ஷட்டர் திறந்திருந்தது. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்ட ஐம்பது ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணிதான் முதலாளி, அவரேதான் பரிமாறவும் செய்தார். சகலை அந்த வெள்ளைக் குழம்பையே கேட்டார். வந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்தவர் அப்படியே நிறுத்தினார். நானும் தொட்டு நக்கிப் பார்த்தேன். பாதாம், சந்தேகமே இல்லாத பாதாம். கண்ணைக் கட்டிவிட்டு ஊட்டினாலும் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஒரு வாய், ஒரே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு எழுதியிருந்தால் போதும்.

கூட்டம் குறைந்ததும் சகலை அந்த அம்மாவைக் கூப்பிட்டார். இரண்டு பக்கமும் அரைகுறை ஆங்கிலம். அந்த மாதம், பதினான்காம் தேதி, ஒரு ஆறு வயதுப் பெண் குழந்தையோடு ஒரு குடும்பம் வந்ததா என்று கேட்டார்.

"வந்தாங்க. மறக்கவே முடியாது" என்றார் முதலாளியம்மா. "குழந்தை இருக்கற மேசைன்னா நான் எப்பவும் கேட்டுடுவேன், ஏதாவது ஒத்துக்காதான்னு. பாதாம்னாங்க. அப்ப இந்தக் குழம்பு வேண்டாம்னேன். அவங்கம்மா போனக் காட்டி, இதுல பால் மட்டும்தான்னு ஒருத்தர் எழுதியிருக்காரேன்னு எங்கிட்ட சண்டைக்கே வந்துட்டாங்க. சமையலறைக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாதாம் மூட்டையக் காட்டினேன். அதப் பாத்துட்டு, குழந்தையக் கட்டிப் புடிச்சு அழுதாங்க. இனிமே அந்த ஆள் எழுதறத ஆயுசுக்கும் படிக்க மாட்டேன்னாங்க."

"குழந்தை?"

"அவிச்ச உருளைக்கிழங்கு சாப்பிட்டுச்சு. ரெண்டு தட்டு."

சகலை மேசைத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கு உடம்பே லேசாகிவிட்டது, சிரிப்பு வந்தது, அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். எட்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தோம்.

முதலாளியம்மா இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "ஆனா அன்னைக்கே எங்க சமையல்காரர வேலைய விட்டு அனுப்பிட்டேன்" என்றார்.

சகலை தலையைத் தூக்கினார்.

"சமையலறையில கேட்டேன்னுதான அந்த ஆள் எழுதியிருந்தாரு. எங்க சமையலறையில வெளியூர்க்காரங்ககிட்ட பேசத் தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான். பதினோரு வருஷமா எங்கிட்ட இருந்தவர். நான் யார்கிட்டயும் அப்படிச் சொல்லலன்னு சத்தியம் பண்ணினார். நான் நம்பல. எழுத்துல இருக்கே. ஒரு குழந்தையக் கொன்னுருப்பியேன்னு எல்லாருக்கும் முன்னாடி கேட்டேன். இந்தத் தெருவுல வேற எந்தக் கடையும் அவரச் சேத்துக்கல. இப்ப எங்க இருக்காருன்னு தெரியாது."

சகலை எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "அத எழுதுனது நான்தாங்க" என்றார். "நான் வந்தன்னைக்கு உங்க கடை பூட்டியிருந்துச்சு. நான் இங்க சாப்பிடல. உங்க சமையல்காரர நான் பாத்ததே இல்ல. யாரையும் கேக்கல."

அந்த அம்மா கத்தவில்லை. அடி வாங்கினவர் மாதிரி பக்கத்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவர் அத எழுதறப்ப நீங்க கூட இருந்தீங்களா?"

"இல்ல" என்றேன். "நான் இந்த ஊருக்கு இப்பத்தான் முதல் தடவையா வர்றேன்."

சகலை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தச் சமையல்காரரின் பெயரை எழுதித் தரச் சொல்லி அந்த அம்மாவிடம் நீட்டினார்.