முன்சீட்டில் ஒரு நாவல்

வேன்காரம்மாவின் மகளுக்கு மூளை கொஞ்சம் பிசகிவிட்டதாம். தனக்குத்தானே மெசேஜ் அனுப்பிக்கொள்கிறாளாம். பின்சீட்டில் வரும் இரண்டாம் வகுப்புப் பாப்பா எட்டிப் பார்த்துவிட்டுத் தன் அம்மாவிடம் சொல்ல, அந்த அம்மா மாடிவீட்டு அம்மாளிடம் சொல்ல, அவர் தன் மகளிடம் சொல்ல, அந்த மகள் பள்ளி இடைவேளையில் வேன்காரம்மாவின் மகளிடமே வந்து சுடச்சுட ஒப்பித்தாள். சம்பந்தப்பட்டவள் மறுக்கவில்லை. "ஆமா, அனுப்பறேன். பதில்கூட வருது. போய் அதையும் சேர்த்துச் சொல்லு" என்றாள்.

வயது பதினாறு. படிப்பது பதினோராம் வகுப்பு. வேனில் வரும் வாண்டுகளுக்கு அவள் 'முன்சீட்டு அக்கா'. அந்தப் பெயர் பள்ளிக்கூடம் வரை பரவி அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அம்மா பள்ளி வேன் ஓட்டுகிறாள். வண்டி ஓட்டும் கை போனைத் தொடக்கூடாது என்பதால் போன் மகள் வசம். பெற்றோர் குரூப்பில் வேன் கிளம்பிருச்சு, அடுத்தது உங்க ஸ்டாப்தான், தம்பி தண்ணி பாட்டிலை விட்டுட்டு இறங்கிட்டான் என்று போடுவது அவள் பொறுப்பு. நிறுத்தத்துக்கும் நிறுத்தத்துக்கும் நடுவே நாவல் எழுதுவது அவளாக எடுத்துக்கொண்ட பொறுப்பு. அவளுடைய சொந்த போன் மழைத்தண்ணீரில் விழுந்து உயிரை விட்டதிலிருந்து இதே போனில்தான் எழுத்து. அம்மாவின் எண்ணிலிருந்து அம்மாவின் எண்ணுக்கே பத்தி பத்தியாக அனுப்பிச் சேர்த்துவைக்கிறாள். மூளை பிசகிய கதை இவ்வளவுதான்.

அவளது நடையைத் தீர்மானிப்பது சாலை. மருந்துக்கடை நிறுத்தத்திலிருந்து தண்ணீர்த்தொட்டி நிறுத்தம் கூப்பிடு தூரம். அதற்குள் ஒருவர் திட்டி முடிக்கலாம், மற்றவர் பதில் சொல்ல முடியாது. மேம்பாலம் ஏறினால் வர்ணனைக்கு இடமுண்டு. ரயில்வே கேட் மூடியிருந்தால் வேனில் இருக்கும் அத்தனை பேரும் உச்சுக்கொட்டுவார்கள், இவள் முகம் மட்டும் மலரும். கதாநாயகியின் கல்யாணமும் நாத்தனாரோடு வந்த முதல் சண்டையும் நீளமான ஒரு சரக்கு ரயிலின் உபயம். நாவலுக்கு நடுவே அங்கங்கே "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றும் "குடை யாரோடது?" என்றும் வரிகள் கிடக்கும். குரூப்புக்குப் போக வேண்டியவை வழிதவறி வந்து தங்கியவை. அவற்றை அவள் நீக்குவதில்லை.

கதாநாயகி லிஃப்ட் பழுதுபார்ப்பவள். நாற்பதைத் தாண்டியவள். அவளே 'நான், நான்' என்று சொல்லிப்போகிற கதை. பதினாறு வயதுப் பெண் நாற்பது வயதுக்காரியின் மனசுக்குள் எப்படிப் போகலாம் என்று தமிழாசிரியை ஒருமுறை சந்தேகப்பட்டார். "நாப்பது வயசுக்காரங்க எல்லாரும் பதினாறு வயசுப் பொண்ணு எப்படி இருக்கணும்னு சொல்றாங்களே டீச்சர், அவங்கள யாரும் கேக்கறதில்லையே" என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்காக வகுப்புக்கு வெளியே நின்றாள். நின்ற இடத்தில் லிஃப்ட் அறையின் கிரீஸ் வாசனையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

வசனம் எழுதும்போது உதடு அசையும். "இனிமே உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று பக்கத்துச் சீட்டிலிருந்து முணுமுணுப்பு எழும்பி, அம்மா திடுக்கிட்டு பிரேக்கை மிதித்த நாட்கள் உண்டு. பின்னால் பிள்ளைகளுக்குள் சண்டை மூண்டால் தலையைத் திருப்பாமலே பஞ்சாயத்து பண்ணுவாள். கிள்ளியவர் கையைக் கட்ட வேண்டும், கிள்ளு வாங்கியவர் வாயைக் கட்ட வேண்டும். இரண்டு தரப்பும் கட்டுப்படும். எழுத்து நிற்காது.

பள்ளியில் அவளுக்கு எதுவும் நேராக நடந்ததில்லை. இயற்பியல் தேர்வில் கோட்டை விட்டாள். ஆண்டுமலருக்குக் கொடுத்த கதை, மாணவர்களுக்கு உகந்ததல்ல என்று திரும்பி வந்தது. அதில் ஒரு அப்பா அழுகிறார், குற்றம் அவ்வளவுதான். வகுப்பாசிரியை அம்மாவை வரவழைத்து, நன்றாகத்தான் எழுதுகிறாள், கேட்ட கேள்விக்குத்தான் எழுதுவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். இதற்கெல்லாம் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. தன்னை நோகடித்தவருக்கு நாவலில் ஒரு பல்வலியைக் கொடுத்துவிடுவாள். வீட்டுச் சொந்தக்காரர், மேலாளர், நாத்தனார் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் பெருகிவிட்டதால், போன மாதம் கதைக்குள் ஒரு பல் மருத்துவரையே குடியேற்ற வேண்டியதாயிற்று.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்தத் தவறு நடந்தது. ஒருநாள் மாலை கேட் மூடியிருந்தது. தாமதமாகும் என்று குரூப்பில் போட்டாள். பிறகு நாவலுக்குத் திரும்பினாள், அதாவது திரும்பிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். குரூப்பும் நாவலும் திரையில் ஒன்றுக்கு அடியில் ஒன்று இருப்பவை. அன்றைக்கு அவள் கவனமெல்லாம் கதாநாயகி மேல். இத்தனை அத்தியாயமாகப் பொறுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் ஒருவழியாக முடிவெடுத்துவிட்டாள். கடைசிப் பிள்ளை இறங்குவதற்குள் அந்த முடிவை எழுதி அனுப்பிவிட்டு, அத்தியாயம் கூடிவந்த நிறைவோடு போனை ஓரமாக வைத்தாள். எழுதும்போது தொந்தரவு கூடாதென்று சத்தத்தை அணைப்பது வழக்கம். மறுபடி வைக்க மறந்துபோனாள். அம்மா விடியலில் எழ வேண்டியவள். போனைச் சார்ஜில் செருகிவிட்டு நேரத்தோடு படுத்துவிட்டாள்.

குரூப்பில், வேன்காரம்மாவின் எண்ணிலிருந்து, இது போயிருந்தது: 'நாளைக் காலையில் நான் இந்த வீட்டை விட்டுப் போகிறேன். யாரும் என்னைத் தேட வேண்டாம். குழந்தைகளை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை. ஆனாலும் போகிறேன்.'

மறுநாள் காலை வேன் புறப்பட்டதைச் சொல்லப் போனைத் திறந்தவள் அப்படியே உறைந்தாள். பதில்கள் குவிந்து கிடந்தன. அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள் என்று ஒருவர், எதையும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று இன்னொருவர், வரிசையாகக் கும்பிட்ட கைகள், எடுக்கப்படாத அழைப்புகள். எல்லாவற்றுக்கும் மேலே, செய்தி போன கையோடு, குரூப்பின் அட்மின் கேட்டிருந்தார்: "அப்போ நாளைக்கு வேன் வருமா, வராதா?"

அம்மாவிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டி மருந்துக்கடைப் பக்கம் திரும்பிவிட்டது. வழக்கமாகப் புத்தகப் பையும் தூக்கக் கலக்கமுமாகப் பிள்ளைகள் மட்டும் நிற்கிற இடத்தில் பெரியவர்கள் கூட்டம். ஒரு பெண்மணி ஜன்னல் வழியே கையை நுழைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டார்.

"போகலையாம்மா?"

"எங்க?" என்றாள் அம்மா.

பிள்ளைகளை இறக்கிவிடும் வரை அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டியை ஓரம்கட்டித் திட்டித் தீர்த்துவிட்டாள். காலங்காலமாக ஒரு நாள் தவறாமல் ஓட்டுகிறவளை ஊரே கூடி வீட்டைவிட்டு வழியனுப்பி வைத்துவிட்டது, இனி எந்த முகத்தோடு ஹாரன் அடிப்பது என்பதுதான் அதன் சாரம். கவனமில்லாமல் அனுப்பியது தன் தப்பு என்று மகளுக்குத் தெரியும்.

அப்பாவுக்குப் பேக்கரியில் இரவு வேலை. விடிந்து திரும்பும் வழியில் தெரிந்தவர் ஒருவர் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு ஓடிவந்து, அலமாரியைத் திறந்து, அம்மாவின் துணிமணி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்ததாம். விவரம் தெரிந்ததும் அவர் திட்டவில்லை. "அடுத்த தடவ யாரையாவது வீட்டை விட்டு அனுப்பறதா இருந்தா எனக்கு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிரும்மா" என்றார். "மாவு கையோட ஓடி வந்தேன்."

அன்று மாலை அட்மினே வேன் நிற்கும் இடத்துக்கு வந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்பவர். எதைப் பார்த்தாலும் அதில் நேரக்கூடிய விபத்துதான் அவர் கண்ணில் முதலில் படும். கெட்ட மனிதர் இல்லை. பெற்றோர்கள் கலங்கிப்போயிருக்கிறார்கள் என்றார். பிள்ளைகளைக் கவனிக்க வேண்டிய பெண் வண்டியில் கதை எழுதிக்கொண்டு வருவது தெரிந்தால் இன்னும் கலங்குவார்கள் என்றார். அதற்கு அவரே வழியும் யோசித்து வைத்திருந்தார். இரண்டே வரி. 'நான் எழுதியதெல்லாம் பொய். இனிமேல் எழுத மாட்டேன்.' நாளை மாலை வண்டி எடுப்பதற்கு முன் தான் கூப்பிடுவதாகவும், அவள் போனில் சரியென்று சொன்னால் போதும், குரூப்பில் தானே போட்டுவிடுவதாகவும் சொன்னார். இல்லாவிட்டால் ஆளாளுக்கு வேறு வேன் பார்த்துக்கொள்வதைத் தன்னால் தடுக்க முடியாது.

அவள் முன்சீட்டிலிருந்து இறங்கி அவர் எதிரில் நின்றாள். "மாத்தி அனுப்பினது தப்புதான் அங்கிள். எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன். ஆனா எழுதினது பொய் இல்ல."

"அப்போ உங்கம்மா போறது நிஜமா?"

"எங்கம்மா போகல. அவதான் போறா."

அட்மின் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே யாருமில்லை.

சொன்னபடி அன்றைக்கே குரூப்பில் மன்னிப்புக் கேட்டாள். அது தான் எழுதும் நாவலில் லிஃப்ட் பழுதுபார்க்கும் பெண் சொல்வது என்றும், தவறுதலாக இங்கே வந்துவிட்டது என்றும், எல்லோரையும் பயமுறுத்தியதற்கு வருந்துவதாகவும் தன் சொந்தப் பொறுப்பில் போட்டாள். அதற்கடியில் அட்மின், இது போதாது என்று எழுதினார். அவளை முதன்முதலில் மூளை பிசகியவள் என்று ஊருக்கு அறிவித்த பாப்பாவின் அம்மா மட்டும் குரூப்புக்கு வெளியே தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார். லிஃப்ட்காரி போய்விட்டாளா, மனசை மாற்றிக்கொண்டாளா என்று கேட்டிருந்தார்.

வீட்டில் அம்மா தணிந்த குரலில் பேசிப் பார்த்தாள். வேன் போய்விட்டால் அப்பாவின் சம்பளத்தில் மட்டும் குடும்பம் ஓடாது என்பதைச் சொல்லாமல் சொன்னாள். "ரெண்டு வரிதானேடி. சும்மா பேச்சுக்கு ஆமான்னு சொல்லிட்டு அப்புறம் நீ எழுதிக்கோ. யாரு வந்து பாக்கப் போறா?"

"நீ போடும்மா. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, இனிமே ஓட்ட மாட்டேன்னு. சும்மா பேச்சுக்கு. யாரு வந்து பாக்கப் போறா?"

இரண்டு பேரும் கோபமாகச் சாப்பிட்டார்கள். மறுநாள் காலை போன் அம்மாவின் மடியிலேயே இருந்தது. நிறுத்தம் நிறுத்தமாகப் பெற்றோர்கள், வேன் எங்கே என்று தெரியாமல் தெருமுனைக்கு வந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். முன்சீட்டில் அவள் கைகட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி வந்தாள். மேம்பாலம் வீணாகப் போனது. ரயில்வே கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றபோது அம்மா போனை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள். அவள் எடுத்துக் குரூப்பில் தாமதத்தைச் சொன்னாள். நாவலைத் திறக்கவில்லை.

மாலையில் பள்ளி வாசலுக்கு எதிரே வேன் நின்றது. அவளுக்கு அன்று கடைசி வகுப்பு இல்லை, வேன் பிள்ளைகளுக்கு இன்னும் மணி அடிக்கவில்லை. அட்மின் கூப்பிடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இயற்பியல் புத்தகத்தைத் திறந்து வைத்து அவள் அதைப் படிக்காமல் இருந்தாள். அம்மா கதவு ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அவ எங்க போறா?" என்றாள் அம்மா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

யாரைக் கேட்கிறாள் என்று புரிய மகளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "இன்னும் தெரியல."

"எங்கன்னு தெரியாமயே கிளப்பிவிட்டியா?"

"கிளம்பினதுக்கு அப்புறம் தெரியும்."

அம்மா அதை மனதுக்குள் போட்டு உருட்டினாள். பிறகு, குழந்தைகளை நினைத்தால் மனசு கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாளே, அந்த இடம் சரியில்லை என்றாள். தன் நாவலைப் பற்றி அம்மா வாயிலிருந்து வந்த முதல் கருத்து அது. மகள் புத்தகத்தை மூடினாள்.

"போறவளுக்கு அந்த நேரத்துல குழந்தைங்க ஞாபகமெல்லாம் வராதுடி. செருப்பு எங்க கிடக்குன்னுதான் தேடுவா. ஒண்ணு கிடைக்கும், இன்னொண்ணு கிடைக்காது. ஒத்தச் செருப்போட எப்படிப் போறது? அப்படியே உக்காந்துருவா."

வெளியே ஒரு ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அம்மா கையை நீட்டி மேலே இருந்த கண்ணாடியைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது. துடைத்துக்கொண்டே, இவள் கதையில் இருப்பவளாவது வெறுங்காலோடு போகட்டும் என்றாள். அப்புறம், இந்த வேனுக்குப் பிள்ளைகள் வராவிட்டால் வேறு தெருவில் பிள்ளைகள் இல்லாமல் போய்விடவில்லை என்று அதே குரலில் சொன்னாள்.

அவள் போனைக் கையில் எடுத்தாள். குரூப்புக்குப் போன பத்தியை நாவலில் ஒட்டி, குழந்தைகள் பற்றிய வரியை நீக்கினாள். 'ஒரு செருப்பு கட்டிலுக்கு அடியில் இருந்தது. மற்றதைத் தேடி' என்று அடித்துக்கொண்டிருக்கும்போது போன் அதிரத் தொடங்கியது. திரை முழுக்க அட்மினின் பெயர் வந்து நின்றது. அம்மா பார்த்தாள், சாவியைத் திருகி எஞ்சினைக் கிளப்பினாள். பள்ளிக்குள்ளே மணி அடித்துப் பிள்ளைகளின் இரைச்சல் கிளம்பியது. அவள் போனைக் கீழே வைக்கவுமில்லை, காதுக்குக் கொண்டுபோகவுமில்லை. திரைக்கு மேலே விரலைத் தூக்கிப் பிடித்தபடி, அந்தப் பெயர் விலகுவதற்காகக் காத்திருந்தாள். அதற்கு அடியில் வாக்கியம் பாதியில் நின்றது.