சமையல்காரன் படித்த ரஷ்யன்

கல்யாணச் சமையல்காரனுக்கு வாய் தேவையில்லை, நாக்கு இருந்தால் போதும் என்று முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தவன் நான். வில்லியனூரில் ஆரம்பித்து பாகூர் வரைக்கும் பந்தி பந்தியாக ஆக்கிப் போட்டாச்சு. ரசத்தைப் பற்றி யாராவது குறை சொன்னால் இன்னொரு கரண்டி ஊற்றுவேன், அதுதான் என் பதில்.

என் பொண்ணு ஸ்டெல்லா ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்தாள். முதல் ரெண்டு வருஷம் இங்கிலீஷில் ஓடிவிட்டது. மூணாம் வருஷத்திலிருந்து ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் ரஷ்யனில் பேச வேண்டும். அதற்கு வைத்த பரீட்சையில் கோட்டை விட்டாள். கோடை லீவில் ஒரு மொழி முகாம் உண்டு, முகாம் முடிவில் இன்னொரு பரீட்சை. அதிலும் போச்சு என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வர வேண்டியதுதான். "சோறே எறங்கலப்பா" என்று போனில் அழுதாள். அந்த முகாமுக்கு நம்ம ஊர்ச் சமையல்காரனைத் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டேன். போய்ச் சேர்ந்த பிறகுதான் சட்டத்தைச் சொன்னார்கள். முகாம் கேட்டுக்குள்ளே யாரும் ரஷ்யன் தவிர வேறு பேசக்கூடாது, சமையல்காரனும் சேர்த்துத்தான். மத்தியானம் பாத்திரம் கழுவியதும் நானும் வகுப்பில் உட்கார வேண்டும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வெளிதேசத்தில் கரண்டி பிடிக்கப் போய் வாயடைத்து நின்ற நம்ம ஆளுங்க யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு மட்டுமாவது இது புரியும்.

காக்காவா, தேளா

போய் இறங்கிய அன்றைக்கு எதிரே வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து "காக் தெலா?" என்றார்கள். ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, வாட்ச்மேன், மாடி கூட்டுகிற அம்மா, டீச்சர், எல்லாரும். என்ன இது, காக்காவா தேளா என்று புதுசாக வந்தவனைக் கேட்கிறார்களே, இந்த ஊரில் ரெண்டில் ஒன்றைச் சமைக்கச் சொல்வார்களோ என்று சமையலறையை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். முகாம் மறுநாள்தான் ஆரம்பம் என்பதால் ஸ்டெல்லாவிடம் தமிழில் கேட்க முடிந்தது. அந்தக் கோடையில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

"காக்காவும் இல்ல தேளும் இல்லப்பா, நல்லா கீறியான்னு கேக்குறாங்க. நல்லா இல்லன்னாலும் 'நார்மல்னா'ன்னு சொல்லிட்டு உன் வேலயப் பாரு."

கோஸ்த்

கேட்கிற வார்த்தையை எல்லாம் அட்டைப்பெட்டி மூடியில் தமிழில் எழுதி அடுப்புக்கு மேலே மாட்டிவைத்திருந்தேன். எலும்புக்கு அவர்கள் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள், விருந்தாளிக்கு ஒரு வார்த்தை. முதல் எழுத்தை அழுத்திச் சொன்னால் எலும்பு, மெத்தென்று சொன்னால் விருந்தாளி. நம்ம எழுத்தில் ரெண்டுக்கும் ஒரே 'கோ'தான். கோஸ்த் என்று எழுதினேன், கோஸ்த் என்றே படித்தேன்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் முகாமைப் பார்க்க வந்தார். நல்ல ஆட்டெலும்பு சூப்பு வைத்திருந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, இதில் என்ன போட்டாய் என்று கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கோஸ்த், நிறைய கோஸ்த், காலையிலிருந்து கொதிக்கிறது என்று சொன்னேன். மெத்தென்று சொல்லித் தொலைத்திருக்கிறேன். பிள்ளைகள் தட்டுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்கள். பெரியவர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"நான் இப்போதுதானே வந்தேன்" என்றார்.

நேத்து

ரஷ்யனில் இல்லை என்பதற்கு 'நியெத்'. என் காதில் அது கடைசிவரைக்கும் நேத்து என்றுதான் விழுந்தது. ஸ்டெல்லா தட்டைத் தொடாமல் எழுந்து போவாள். பக்கத்தில் போய், சாப்பிட்டாயா என்று அவர்கள் பாஷையில் கேட்பேன். "நியெத்" என்பாள். அதற்கு மேலே கேட்க என்னிடம் வார்த்தை கிடையாது. சூடு, உப்பு, ரொட்டி, தட்டு, இன்னும் கொஞ்சம். ஒரு அப்பன் பொண்ணிடம் பேச வேண்டியதை இந்த அஞ்சை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவான்? "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிவிட்டு நிற்பேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். வந்ததைவிட ரெண்டு சுற்று இளைத்துவிட்டாள்.

வீட்டுக்குப் போன் பேசுவதற்கு கேட்டைத் தாண்டி எதிரே இருக்கும் பஸ் ஸ்டாப்புக்குப் போக வேண்டும், அங்கேதான் தமிழ் செல்லும். பொண்ணு சாப்பிடுகிறாளா என்று என் வீட்டுக்காரி கேட்டாள். கேட்டதற்கு நேத்து என்கிறாள் என்று சொல்லிவைத்தேன்.

"நேத்துன்னா நேத்து சாப்ட்டாளா, நேத்துலேர்ந்து சாப்புடலயா? ஏன்யா, அவளுக்கு சோறு ஆக்கிப் போடத்தான அவ்ளோ தூரம் போன?"

அம்மா

எனக்கு உதவியாக வெங்காயக் கூடையைத் தூக்கி வந்த ஸ்டெல்லா, சமையலறை இரும்புக் கதவில் விரலைக் கொடுத்துவிட்டாள். "ஐயோ அம்மா" என்று கத்தினாள். நகம் கருத்துப்போச்சு. நான் ஐஸ் தேடிக்கொண்டிருக்கும்போதே, எங்களுக்கு வகுப்பு எடுக்கும் இரினா டீச்சர் வந்து, தமிழ் பேசியதற்காக ரெண்டு மார்க்கு குறைத்துவிட்டதாகச் சொன்னார். கெட்ட பொம்பளை இல்லை, சின்ன வயசு, ஐஸ் எடுத்து வந்து விரலில் கட்டியதும் அவர்தான். ஸ்டெல்லா அழுதுகொண்டே, அம்மா என்பது ரஷ்யனிலும் மாமாதானே, கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று வாதாடினாள். டீச்சர் நிஜமாகவே கொஞ்சநேரம் யோசித்தார்.

"எங்கள் ஊரில் விரல் நசுங்கினால் 'ஓய்' என்று கத்துவார்கள். அடுத்த தடவை ஞாபகம் வைத்துக்கொள்."

எங்கே வலிக்கிறது

பரீட்சை என்பது, நோயாளி மாதிரி ஒருவரை உட்காரவைத்து, பிள்ளைகள் அவரை விசாரிப்பது. நோயாளியாக நடிக்க வேண்டியவர் அன்றைக்கு வரவில்லை. இரினா டீச்சர் சமையலறைக்கு இறங்கி வந்து என்னைக் கூப்பிட்டார். "ஷிவோத் பலீத்", வயிறு வலிக்கிறது, இதை மட்டும் சொன்னால் போதும் என்றார். நாலு பிள்ளைகளுக்கு ஒழுங்காகச் சொன்னேன். அஞ்சாவதாக ஸ்டெல்லா வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

என் பொண்ணு பிறந்ததிலிருந்து என்னை வா போ என்றுதான் பேசுவாள். ரஷ்யனிலும் நம்மைப் போல நீ வேறு, நீங்கள் வேறு. "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்று மெதுவாக, ஒரு பிசிறு இல்லாமல் கேட்டாள். அந்த 'உங்களுக்கு' என்னை என்னமோ செய்துவிட்டது. மனப்பாடம் செய்த வயிறு மறந்துபோச்சு. கை தன்னால் நெஞ்சுக்குப் போச்சு. அண்டாவோடு படியேறும்போதெல்லாம் அங்கே ஒரு பிடிப்பு, வந்த வாரத்திலிருந்தே. எந்தப் பாஷையிலும் யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை.

எப்போதிருந்து என்று கேட்டாள். ரொம்ப நாளாக என்றேன், அந்த வார்த்தை எனக்குத் தெரிந்திருந்தது. படியேறினால் வருமா? ஆமாம். இடது கைக்கு இறங்குமா? ஆமாம். ஒவ்வொரு கேள்வியும் ரஷ்யனில் சுத்தமாக வந்தது, பரீட்சை வைக்கிறவர்கள் தலையாட்டிக்கொண்டே எழுதினார்கள். பிறகு அவள் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தாள். நான் நடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏம்ப்பா, எங்கிட்டக் கூட சொல்லல நீ?"

தமிழில். பரீட்சை அறையில் ஒரு வார்த்தை தமிழ் பேசினாலும் பெயில். பரீட்சை வைக்கிறவர்கள் இரினா டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தாளை மூடிவிட்டுச் சொன்னார். ரஷ்யன்தான், ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது.

"கேட்டது சரியான கேள்வி. மொழிதான் தப்பு."

ரெண்டு பேரும் ஒரே பிளேனில் திரும்பி வந்தோம். ஸ்டெல்லா இப்போது வில்லியனூரில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறாள். என்னைப் பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய், எங்கே, எப்போதிருந்து என்று டாக்டரிடம் எல்லாவற்றையும் அவளே ஒப்பித்தாள், என்னை வாய் திறக்க விடவில்லை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பொய் சொல்ல வராதவன் அடுப்படியை விட்டு மேலே ஏறி வரக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு தேசமும், என் பொண்ணுக்கு மூணாம் வருஷமும் செலவாச்சு.