‘ஏகமனதாக’ என்ற சொல்லை அடித்தவர்

அன்று காலை எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு செய்திகள் வந்தன. மோட்டார் பழுது, தண்ணீர் ஒன்பது மணிக்குத்தான் வரும் என்பது முதல் செய்தி. செயலாளர் சுலோசனா மேடம் காலமானார் என்பது இரண்டாவது. அவசரத்தில் இரண்டு பேர் இரண்டுக்கும் சேர்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, பிறகு நீக்கிக் கைகூப்பினார்கள். உயர்ந்த கைகளை எண்ணியே பதினோரு வருடம் செயலாளராக இருந்தவர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

செவிலிமேட்டுக்காரர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீதிமன்றத்தில் நகல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன், சங்கத்தின் தலைவன். அறுபது வீடுகளுக்கும் பொதுவாக ஓர் ஆழ்துளைக் கிணறும் ஒரு மேல்நிலைத் தொட்டியும் இருந்ததால்தான் சங்கமே தொடங்கினோம். விதிகளை அவர் எழுதிக் கொண்டுவந்தார். முப்பத்தொரு விதிகள். ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு இத்தனையா என்று கேட்டேன். “இப்ப யாருக்கும் யார் மேலயும் கோவம் இல்ல தலைவரே. எழுதிக்கிறதுக்கு இதான் நேரம்” என்றார். நாங்கள் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டோம்.

எங்களுக்குள் முதல் உரசல் ஒரு சொல்லால் வந்தது. நம் ஊரில் எந்தச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஒவ்வொரு தீர்மானமும் ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்றே முடியும். நானும் முதல் கூட்டத்துக்கு முந்தைய நாளே வீட்டில் உட்கார்ந்து, அழகான கையெழுத்தில் அப்படி எழுதி வைத்திருந்தேன். கூட்டத்தில் இரண்டு பேர் எதிர்த்துப் பேசினார்கள். அது பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. சுலோசனா மேடம் புத்தகத்தை வாங்கி, அளவுகோலை வைத்து ‘ஏகமனதாக’ என்ற சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு போட்டார். ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். “ரெண்டு பேர் வேணாம்னாங்களே, இந்த வரியில அவங்க எங்க போனாங்க?” என்று கேட்டார். அடித்தது அடித்தோம், நன்றாகக் கிறுக்கி மறைத்துவிடலாமே என்றேன். அடித்த சொல் படிக்கும்படி இருந்தால்தான் அது திருத்தம், இல்லையென்றால் திருட்டு என்றார். நீதிமன்றப் பழக்கம்.

அடுத்து நடந்ததை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஓர் ஆடி மாதம். எங்கள் அம்மன் கோயில் விழாவில் காலையிலிருந்து ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. தொட்டிக்கு எதிர்வீட்டில் வாடகைக்கு இருந்த செவிலியர், இரவுப் பணி முடிந்து வந்து தூங்க முடியாமல், நோயாளி மாமனாரையும் பார்த்துக்கொள்ள முடியாமல், இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுக் கடைசியில் காவல் நிலையத்துக்குப் போன் செய்துவிட்டார். சாயங்காலம் போலீசார் வந்து ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். அப்போது பட்டிமன்ற நடுவராகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். பாதித் தீர்ப்பில் என் குரல் அறுந்தது.

அந்த வாரமே கூட்டம் போட்டோம். அந்த வீட்டுக்காரர்கள் மன்னிப்புக் கேட்கும் வரை அவர்கள் குழாயை அடைத்துவிட வேண்டும் என்று விழாக்குழுவைச் சேர்ந்த தணிகாசலம் தீர்மானம் கொண்டுவந்தார். நாற்பத்திரண்டு கைகள் உயர்ந்தன; அதில் என் கையும் ஒன்று. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. இந்த முறை ‘ஏகமனதாக’ என்று எழுதலாம் அல்லவா என்று நான் சுலோசனா மேடத்தைச் சீண்டினேன்.

அவர் எழுதவில்லை. விதிப் புத்தகத்தைத் திறந்து ஏழாவது விதியைப் படித்தார். எந்த வீட்டின் குடிநீரையும் எக்காரணம் கொண்டும் வாக்கெடுப்பால் நிறுத்தக் கூடாது. கூட்டம் கொதித்தது. நாற்பத்திரண்டு பேர் பெரிதா, ஒரு காகிதம் பெரிதா, இதுதானே ஜனநாயகம் என்று நானே கேட்டேன்.

“கை தூக்கறது ஜனநாயகம்தான் தலைவரே. எதுக்குத் தூக்கக் கூடாதுன்னும் நாமதான் எழுதி வெச்சிருக்கோம். கீழ உங்க கையெழுத்து இருக்குது பாருங்க. அந்தப் பொண்ணு மேல எனக்கும்தான் கோவம், விழாவுக்கு வீடு வீடா அலைஞ்சது நானு. அதுக்காக அந்தப் பெரியவர் தண்ணியில்லாம கெடக்கணுமா?” என்றவர், பதினாலாவது விதிக்கும் வந்தார். தன் சொந்த விவகாரம் பேசப்படும்போது தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது. “பட்டிமன்றம் உங்களுது. எறங்கி உக்காருங்க.”

இறங்கி உட்கார்ந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது.

அப்படியானால் விதியையே மாற்றுவோம் என்றார் தணிகாசலம். தாராளமாக மாற்றலாம் என்றார் மேடம். ஒரு மாதம் முன்னறிவிப்பு, தனிக் கூட்டம், மொத்த வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. மறுநாளே ‘ஏழாவது விதித் திருத்தம்’ என்று மட்டும் தன் கையால் அறிவிப்பு எழுதி ஒட்டினார். ஒரு மாதம் கழித்துக் கூட்டத்துக்கு வந்தது ஒன்பது பேர். ஆடி போயிருந்தது, கோபமும் போயிருந்தது. வந்த கூட்டத்தை வீணாக்காமல் நான், விதி என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு, தீர்மானம் என்பது குறுக்கே ஓடும் ஊடை, பாவை ஒருநாளும் மாற்ற முடியாது என்று நம் நெசவு ஊர்ப் பாணியில் சொற்பொழிவாற்றினேன். தம்பி வீட்டில் தறி வைத்திருந்த மேடம் விடுவாரா? “பாவும் மாத்தலாம் தலைவரே. பாதிப் புடவையில மாத்த முடியாது, அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் விதிகளை முதல்முறையாக முழுதும் படித்தேன். கோபம் வந்தால் நாம் என்னவெல்லாம் செய்வோம் என்பதை, கோபமில்லாத ஒரு நாளில் நாமே யோசித்து, நம் கையை நாமே கட்டிக்கொள்வதுதான் விதி என்று புரிந்தது. ஒரு நாட்டுக்கு அரசியலமைப்பு எதற்கு என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் நான் ஏதேதோ சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. கோயில் வாசலில் அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். “ஏழாவது விதி அந்தப் பொண்ணுக்குன்னு நெனச்சீங்களா? நாளைக்கு உங்க வீட்டுக் குழாய்க்கும் அதான்” என்று சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கப் போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டம். பணிக்குப் போகும் வழியில் சீருடையிலேயே அந்தச் செவிலியரும் வந்திருந்தார். தன் வீட்டுக் குழாய்க்காக ஒரு கூட்டமே நடந்தது அவருக்கு இன்றுவரை தெரியாது. புதிய செயலாளர் இரங்கல் தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார், முடிவில் ‘ஏகமனதாக’. படித்தேன். கைகள் உயர்ந்தன. மேடத்தின் பழக்கம் ஒட்டிக்கொண்டு நானும் எண்ணினேன். கடைசி வரிசையில் தணிகாசலம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அந்தம்மா மேல எனக்கு இன்னும் கோவம் ஆறல தலைவரே. சாவுக்கு வந்தேன், தோள் குடுத்தேன். பொய்யா கை தூக்கினா அந்தம்மாவே அதை அடிச்சிடும்” என்றார்.

யாரோ அவரை அதட்டினார்கள். நான் வேண்டாம் என்று கைகாட்டினேன். சுலோசனா மேடத்தின் மகள், அம்மாவின் நினைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்த மர அளவுகோல் என் பையில் இருந்தது. அதை வைத்து, அந்தச் சொல் படிக்கும்படியாக, ஒரே ஒரு கோடு போட்டேன். ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். மேலே எழுதினேன்: ‘ஒருவர் நீங்கலாக’.