ஊருக்கு நான் ஆபரேசன் அக்கா

உள்ளே இருப்பது வெளியே தெரியக் கூடாது என்றுதான் எங்கள் தொழிலில் கறுப்புப் பை கொடுக்கிறார்கள்; ஆனால் அந்தக் கறுப்புப் பையைத் தூரத்தில் கண்டதுமே உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே நாலு ஊர் என் பொறுப்பு. சுகாதாரத் தன்னார்வலர் என்று அட்டையில் போட்டிருக்கிறது. கர்ப்பத்தடை மாத்திரை, ஆணுறை கொடுப்பது, ஊசிக்கும் ஆபரேசனுக்கும் பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, முறைத்துப் பார்க்கிறவர்களிடம் சிரித்துப் பேசுவது, எல்லாம் நான்தான். என்னைப் போலவே வெயிலில் அலைகிற யாராவது இதைப் படித்தால் ஆறுதல் ஒன்றும் கிடைக்காது. நமக்கு மட்டும் இல்லை என்ற அற்ப சந்தோஷம் வேண்டுமானால் கிடைக்கும். எத்தனையோ பேரைப் பற்றிச் சொல்லலாம். ஆனால் மகேஸ்வரியை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது, அதனால் அவள் கதையையே சொல்கிறேன்.

ஆகட்டுங்க

மகேஸ்வரிக்கு இரண்டும் பெண் குழந்தை. இரண்டாவது பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்து வந்தாள். இன்னொன்று உண்டானால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் அவளிடம் சொன்னார், புருசனிடம் சொன்னார், என்னையும் கூப்பிட்டுச் சொன்னார். ஆக, அந்த வீட்டுக்கு நான் போனது பிரசாரம் பண்ண அல்ல. ஒரு பொம்பளையை உயிரோடு வைத்திருக்கத்தான் போனேன்.

எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்ல மாட்டார்கள். சண்டைக்காரனைக்கூட 'வாங்க' என்று கூப்பிட்டுத்தான் சண்டை போடுவார்கள். மகேஸ்வரியின் மாமியாரும் அப்படித்தான். நாற்காலியைத் துடைத்துப் போட்டார், காப்பி கொடுத்தார், நான் சொன்னது அத்தனைக்கும் தலையாட்டினார். பிள்ளை பட்ட பாட்டை நானும்தானே பார்த்தேன் என்று கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். பாதி வெற்றி என்று நினைத்து எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங் கண்ணு. ஆகட்டுங்க, ஒரு பையன் மட்டும் பொறந்துறட்டும், அடுத்த நாளே ஆபரேசன் பண்ணிப்போடலாங்க."

மண்டபத்துச் சாவி

ஒரு வீட்டில் சொல்வதை விட ஊரையே கூட்டிச் சொன்னால் மாமியார்களும் கேட்பார்களே என்று ஒரு யோசனை வந்தது. ஊர் மண்டபத்துச் சாவி தோப்புக்காரரிடம் இருந்தது. மகேஸ்வரி வேலைக்குப் போகும் தேங்காய் நார் மில்லும் அவருடையதுதான். காடு தோட்டம் துண்டாகிவிடக் கூடாதென்று அந்தக் காலத்திலேயே ஒரே மகனோடு நிறுத்திக்கொண்டவர். அந்த மகனுக்கு வயது நாற்பதை நெருங்குகிறது, இன்னும் பெண் அமையவில்லை. அதனால் இப்போது கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்து, நம் ஆட்கள் ஆளுக்கு மூன்று பெற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்.

வீட்டு நாயைக்கூட 'அக்கட்ட போங்க' என்று விரட்டுகிற மனுசர் அவர். எனக்கு மட்டும் அந்த 'ங்க' வரவில்லை. நான் எந்தத் தெருக்காரி என்பது அவருக்குத் தெரியும். கேட்டுக்கு உள்ளே அவரும் வெளியே நானுமாக நின்று பேசினோம். சாவி தர முடியாது என்பதைப் பிரியமாகத்தான் சொன்னார்.

"நம்ம சனம் கொறஞ்சுட்டே போகுது கண்ணு, இங்க வந்து இதப் பேசாத. உங்க பக்கத்துக்குத்தான் இதெல்லாம் வேணும், அங்க போயிச் சொல்லு."

வெள்ளிக்கிழமை

மாமியாருக்குத் தெரியாமல் மகேஸ்வரியே ஒரு நாள் என்னைத் தேடி வந்தாள். எனக்கு ஏதாவது கொடுங்கள், சாக பயமாக இருக்கிறது என்றாள். டாக்டரைக் கேட்டு, வாரம் ஒன்று போடுகிற மாத்திரையைக் கொடுத்தேன். கிழமை மறக்காமல் இருக்க ஒரு நாளை நாமே குறித்துக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்காத வீடு உண்டா? விளக்கு வைத்ததும் மாத்திரை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து அட்டையை வாங்கிப் பார்த்தால், ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. விசாரித்தால், அவள் வெள்ளிக்கிழமை தோறும் விரதமாம். மறுநாள் விடியும் வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக் கூடாதாம். பையன் பிறக்க வேண்டும் என்று மாமியார் வேண்டிக்கொண்ட விரதம், இருப்பது மட்டும் இவள். இத்தனை நாளும் எதுவும் ஆகாமல் இருந்தது அதிர்ஷ்டம். சனிக்கிழமையாவது போட்டிருக்கலாமே என்று திட்டினேன். வெள்ளிக்கிழமை என்று சொன்னது நீங்கள்தானே, நாள் மாற்றினால் என்ன ஆகுமோ என்று பயந்துவிட்டேன் என்றாள். குற்றம் என்மேல்தான். கிழமையைக் குறித்த நான், அவள் விரதம் இருப்பாளா என்று கேட்கவில்லை.

"சாமிகிட்ட ஒண்ணு கேட்டுப்போட்டு வவுத்துக்குள்ள வேறொண்ணப் போட்டா, அது சும்மா உடுமாங்கக்கா?"

கொஞ்சம் ஜாக்கிரதை

மாத்திரை அட்டையை வீட்டில் ஒளித்து வைக்கவே பயமாக இருக்கிறது என்றாள். சரி, ஊசிக்கு மாறலாம் என்றேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும், ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை. முதல் ஊசி நல்லபடியாகப் போட்டாகிவிட்டது. இரண்டாவது ஊசிக்கு உரிய செவ்வாய்க்கிழமை மில்லில் லாரி வந்து நின்றது. லோடு நாளில் யாருக்கும் லீவு கிடையாது. அடுத்த நாள் ஓடினாள். புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நாள், செவ்வாய் வா என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த செவ்வாய் நானே மில் வாசலில் நின்று மேஸ்திரியிடம் கெஞ்சிக் கூட்டிப்போனேன். அன்றைக்கு ஊசி மருந்து தீர்ந்துபோயிருந்தது.

எப்போது வரும் என்று மருந்து கொடுக்கிற அம்மாவிடம் கேட்டேன். அவரும் பாவம், நாலு பேர் வேலையை ஒருத்தராகப் பார்க்கிறவர். தலையை நிமிர்த்தாமலேயே பதில் சொன்னார். ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய அவள் புருசன் அப்போது ஏதோ ஒரு தென்னை மரத்தின் உச்சியில் இருந்தார், அவரிடம் யார் போய்ச் சொல்வது என்று கேட்க நினைத்தேன்.

"ஸ்டாக் வந்தா நானே ஃபோன் பண்றேங்க. அதுவரைக்கும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லுங்க."

மரத்து மேல் இருந்தவர்

மகேஸ்வரியின் வீட்டுக்காரர் சிவகுமார் தேங்காய் போடுகிறவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். இந்த இரண்டையும் சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் அதற்கு மேல் ஆம்பளையிடம் யாரும் எதுவும் எதிர்பார்ப்பதில்லை. தோப்புக்கே போய், அவர் இறங்கி வரும் வரைக்கும் காத்திருந்தேன். ஆண்களுக்குச் செய்கிற ஆபரேசன் சின்னது, தையல்கூடக் கிடையாது, கொஞ்ச நாள் கனமான வேலை செய்யாமல் இருந்தால் போதும், அப்புறம் வழக்கம் போல மரம் ஏறலாம் என்று விளக்கினேன். இடுப்பில் பலம் போய்விட்டால் அறுபதடி உயரத்தில் யார் பிடிப்பார்கள் என்றார். போகாது என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்கள் வீட்டுக்காரர் பண்ணிக்கொண்டாரா?

இல்லை. எங்கள் வீட்டில் பண்ணிக்கொண்டது நான். இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு என்னைப் படுக்க வைத்தார்கள். அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்காரரிடம் சிவகுமார் கேட்டதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"ஊருக்குச் சொல்ற வேலைய ஊட்டுக்குள்ள கொண்டு வராத."

கையெழுத்து

கடைசியில் மகேஸ்வரியே துணிந்துவிட்டாள். யாரும் வேண்டாம், எனக்கே பண்ணிவிடச் சொல்லுங்கள் என்றாள். ஆடிட் வருகிறது, அதனால் மில் லீவு என்று இவளாக ஒரு பொய்யைக் கட்டி வீட்டில் சொல்லிவிட்டு, என்னோடு பஸ் ஏறினாள். முதல் நாள் ராத்திரியிலிருந்து சாப்பிடவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அப்படி அவள் பேசி நான் கேட்டதே இல்லை. பெரிய பெண்ணை நர்சுக்குப் படிக்க வைக்க வேண்டுமாம்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா, வீட்டுக்காரர் கையெழுத்து எங்கே என்றார். சட்டப்படி அது தேவையில்லை, பண்ணிக்கொள்கிற பெண் சம்மதித்தால் போதும் என்று எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொன்னேன். ஃபாரத்தைக் காட்டி, வீட்டுக்காரர் கையெழுத்துக்கு இதில் இடமே இல்லையே என்றும் சொன்னேன். மத்தியானம் வரைக்கும் மன்றாடினேன். மகேஸ்வரி வெறும் வயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தபடியே பஸ் ஏறித் திரும்பி வந்தோம். அந்த நர்சம்மா கெட்டவர் இல்லை. அதனால்தான் அவர் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை.

"ரூல்ஸ் எனக்கும் தெரியுங்க. நாளைக்கு அவங்க ஊட்டுக்காரர் வந்து வாசல்ல சத்தம் போட்டா, ரூல்ஸா வந்து பதில் சொல்லும்?"

சிவப்பு மை

அதற்கப்புறம் மகேஸ்வரியைக் காணவில்லை. வீட்டுக்குப் போனால், உடுமலைப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று மாமியார் சொன்னார். அடுத்த மாதமும் அதே பதில், அதே காப்பி. ஃபோனை எடுக்கவில்லை. ஐந்து மாத வயிற்றோடுதான் திரும்பி வந்தாள். நாள் தள்ளிப்போனதுமே, நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கலைத்துவிடுவேன் என்று பயந்து அனுப்பி வைத்திருக்கிறார்கள். என்னைக் கண்டதும் மகேஸ்வரி முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவளைப் போல. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. மற்ற எல்லோர்மேலும் வந்தது.

குடும்பக் கட்டுப்பாட்டு நோட்டில் இருந்த அவள் பெயரை அடித்துவிட்டு, ஆபத்தான கர்ப்பிணிகள் நோட்டில் எழுதினேன். மாதக் கூட்டத்தில் எங்கள் மேற்பார்வை மேடம் நோட்டை வாங்கிப் பார்த்தார். இவளுக்கு என்ன செய்யப் போகிறோம் என்று கேட்பார் என நினைத்தேன்.

"இந்தப் பேரெல்லாம் செவப்பு மையில எழுதணும்னு எத்தன தடவ சொல்றதுங்க, மேலிருந்து வந்தா என்னத்தானே கேப்பாங்க."

பையன்

எட்டாம் மாதம் வலிப்பு வந்தது. ஆம்புலன்சில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பையன்தான். கண்ணாடிப் பெட்டியில் ஒரு மாதம் வைத்திருந்து கொடுத்தார்கள். அதே மேஜையில் மகேஸ்வரிக்குக் குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிட்டார்கள். அப்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. நீட்டிய காகிதத்தில் எல்லாம் சிவகுமார் கையெழுத்துப் போட்டார். மகேஸ்வரி பிழைத்தாள். தலையில் ரத்தக் கசிவு. வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு குழறுகிறது.

நாலு மாதம் கழித்துப் போனேன். மாமியார்தான் எல்லாம் பார்க்கிறார், அதில் குறை சொல்ல முடியாது. மருமகளைக் குளிப்பாட்டித் தலைசீவி, பூ வைத்துக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார். பெரிய பெண் பள்ளிக்கூடம் போகவில்லை, தங்கச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் பையனைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். கொழுகொழுவென்று இருந்தான். நான் வாங்கிக்கொண்டேன், கொஞ்சவும் செய்தேன். மகேஸ்வரி ஒற்றைக் கண் ஓரத்தில் நீர் வழிய என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. மாமியார் அவளுக்குக் கேட்கும்படியாகவே, மனசார, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நல்லவேள. அன்னைக்கு உங்க பேச்சக் கேட்டிருந்தா, இவன் எங்களுக்குக் கெடச்சிருப்பானுங்களா கண்ணு?"

எங்கள் தொழிலில் நாம் சொன்னது தப்பாகிவிட்டால் ஊரே சொல்லிக்காட்டும், சரியாகிவிட்டாலோ மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வர வேண்டியதுதான்.