குமிழ் நின்ற மத்தியானம்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி அடைமழையில், விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் என் வீட்டில் நடந்தது இது. ஒரு நாளிதழில் முப்பது வருடம் மற்றவர்களின் பிழைகளைத் திருத்திவிட்டு அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளாதவள், தனிக்கட்டை. அத்தான் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்ததால், கூடுவாஞ்சேரியிலிருந்து அக்காவை என்னோடு அழைத்து வந்திருந்தேன். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை.

அக்கா சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. கண்ணை மூடிப் படுத்திருப்பாள். விரல் மட்டும் பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். இரண்டு மாதத்தில் ரவிக்கைகளை எல்லாம் இரண்டு முறை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. டாக்டர், ‘தூங்க வையுங்கள், இல்லாவிட்டால் இவரையும் இழப்பீர்கள்’ என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

அந்த நாட்களில்தான் எனக்கு ஸ்டவுட் காய்ச்சும் ஆசை வந்தது. வேலை நிமித்தம் வெளிநாடு போனபோது ஒரு முறை குடித்திருக்கிறேன். பீர் வகைதான், ஆனால் டிகாக்‌ஷன் நிறம். மேலே பாலாடை போல ஒரு நுரை. வீட்டில் அதைக் காய்ச்ச இங்கே அனுமதி இல்லை என்பது எனக்குத் தெரியும். பத்து லிட்டருக்கு யார் வந்து கேட்பார்கள் என்ற அசட்டுத் துணிச்சல்.

முளைகட்டிக் காயவைத்த பார்லியும், கருக வறுத்த பார்லியும் ஆன்லைனில் வரவழைத்தேன். நுரை கெட்டியாக நிற்க இரண்டு கிண்ணம் ஓட்ஸ். வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி, கசப்புக்கான ஹாப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். மழைக்காற்றில் அந்த வாசனை படியேறிப் போனது. மாடி வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, காபிக்கொட்டை வறுக்கிறீங்களா? எங்க பெட்ரூம் வரைக்கும் செம ஸ்மெல்!”

“சத்துமாவும்மா. அக்காவுக்கு.”

அவள் போனதும் அக்கா சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: “பேப்பர்காரியாச்சே. பொய் சொல்ல உனக்குத் தனியா கத்துக்கொடுக்கணுமா?”

இரண்டு மாதத்தில் அவள் பேசிய மிக நீண்ட வாக்கியம் அது.

ஆறியதும் அகல வாய் டப்பாவில் ஊற்றி, ஈஸ்ட் தூவி மூடினேன். மூடியில் ஒரு வளைந்த குழாய், அதில் கொஞ்சம் தண்ணீர். உள்ளே உண்டாகும் வாயு அந்தத் தண்ணீர் வழியாகக் குமிழ் விட்டு வெளியேறும். ஒரே ஒரு விதி: இனி கை படக் கூடாது, பட்டால் புளித்துவிடும். கரண்டியைக்கூடக் கொதிக்கவைக்காமல் உள்ளே விடக் கூடாது.

மறுநாள் காலை குமிழ் விட ஆரம்பித்தது. சின்ன அறையில், ஈரத்துண்டு சுற்றிய டப்பாவின் பக்கத்தில் அக்கா பாயைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டாள். வெளியே மழை பெய்துகொண்டே இருந்தது. மேகத்துக்குள்ளிருந்து விமானம் தாழ்வாக இறங்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். அது போனதும் மறுபடி குளுக், குளுக். பகல் எது, சாயங்காலம் எது என்று தெரியாத சாம்பல் வெளிச்சத்தில் அவள் குழாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அறை வாசலில் நாற்காலி போட்டு நோட்டில் குறித்துக்கொள்வேன்: மணி, வெப்பம், நிமிடத்துக்கு எத்தனை குமிழ். அக்காவுக்குப் பொழுது போகிறது என்று எனக்குத் திருப்தி.

ஆறாம் நாள் மத்தியானம் மார்க்கெட்டிலிருந்து திரும்பினேன். டப்பா திறந்து கிடந்தது. அக்காவின் கை முழங்கை வரை உள்ளே இருந்தது. இட்லி மாவைக் கலக்குவது போல அடியிலிருந்து மேலாக, வேகவேகமாகக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா! அறிவிருக்கா உனக்கு? தொடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்? எல்லாம் பாழ்!”

அவள் கையை எடுத்தாள். கறுப்புத் திரவம் முழங்கையிலிருந்து தரையில் சொட்டியது. போய்க் கழுவினாள். பிறகு பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பையில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எங்க கிளம்பிட்டே?”

“வீட்டுக்கு. நாலரை வண்டி இருக்கு.”

அந்த வீட்டில் தனியாக அவள் ஒரு மாதம் தாங்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். இருந்தும் என் வாயில் வந்தது அதட்டல்தான். “எதுக்குக் கையை விட்டே? அதையாவது சொல்லிட்டுப் போ.”

“சத்தம் நின்னுபோச்சுடி.” மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடித்தாள். “மாவு பொங்கலன்னா கையை விட்டுக் கலக்கினா பொங்கும்ல? அதான்.”

புடவையோடு கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அவருக்கும் இதே சத்தம்தானே. அன்னிக்கு மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முழிச்சா சத்தம் இல்ல. சிலிண்டர் தீர்ந்துபோச்சு. ஓடிப்போய் வேற மாத்தினேன். சத்தம் வந்துச்சு. அவர்தான் வரல.”

அத்தானுக்கு நுரையீரல் நோய். வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். சிலிண்டர் வாயில் ஒரு தண்ணீர் பாட்டில். வாயு அதன் வழியாகக் குமிழ் விட்டுத்தான் அவர் மூக்குக்குப் போகும். அந்தப் பாட்டிலின் பக்கத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்திருக்கிறேன். ஆறு நாளாக நிமிடத்துக்கு எத்தனை குமிழ் என்று எண்ணி எழுதியவளுக்கு, அது எந்தச் சத்தம் என்று தோன்றவே இல்லை.

“அன்னிக்கு டாக்டர் என்ன சொன்னார்?” என்று கேட்டேன்.

“சிலிண்டர் தீர்ந்ததால இல்லம்மா, அதுக்கு முன்னாடியே போயிட்டார்னார். ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியாதா?”

அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரிந்த ஒன்றைத்தான் சொன்னேன். “அது கெட்டுப்போய் நிக்கலக்கா. உள்ள இருந்த இனிப்பு தீர்ந்துபோச்சு, நின்னுடுச்சு. முடிஞ்சுபோனா அப்படித்தான் நிக்கும். அதுக்கு மேல கலக்கினாலும் ஒண்ணும் ஆகாது.”

“யார் கலக்கினாலுமா?”

“யார் கலக்கினாலும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது. அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். சாவு வீட்டில்கூட அப்படி அழவில்லை. பிறகு அப்படியே தூங்கிப்போனாள். நாலரை வண்டி போயிருக்கும். என் தோள் மரத்துப்போய்விட்டது, நான் அசையவில்லை. இருட்டும்வரை விமானங்கள் ஒவ்வொன்றாக மழைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

கொட்டிவிட மனமில்லாமல் இருவருமாகப் பாட்டிலில் நிரப்பினோம். மூன்று வாரம் கழித்துத் திறந்தேன். நுரை, நான் ஆசைப்பட்டபடியே பழுப்புப் பாலாடையாக எழும்பி நின்றது. வாயில் வைத்தால் புளிப்பு. அக்கா ஒரு ஸ்பூன் நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

“பழைய கூழ்த் தண்ணி. இதுக்காடி அந்தக் கத்து கத்தினே?”

நான் முழு டம்ளரையும் குடித்தேன். அதற்குப் பிறகு காய்ச்சவில்லை. அக்கா என்னோடுதான் இருக்கிறாள். காலையில் நான் எழுப்பினால் திட்டுகிறாள். யாராவது தப்பாக ஒன்று செய்தால், என்ன தப்பு என்பது இப்போதும் எனக்கு உடனே தெரிந்துவிடுகிறது. ஏன் என்று கேட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.