பெயர்க்கல்லும் நடிகர் வாசலும்

என் தங்கை நீலாயதாட்சி போராடி ஜெயித்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். ஆம்பளைகளே சேலை கட்டி ஆடிக்கொண்டிருந்த போலகம் நாடக மன்றத்தில், 1974-இல் ராணி வேஷம். எழுத்தே தெரியாமல், பிறர் வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்து எட்டு நாடகம். “மேடை ஏறினா வீட்டுப்படி ஏறாதே” என்ற புருஷனை மூன்றாவது நாடகத்தில் முன்வரிசையில் உட்காரவைத்தது. கடைசியாக, மன்றத்துக்கு ஒரு கட்டடம்.

1977 புயலில் மன்றத்தின் கீற்றுக் கொட்டகை பறந்துபோனது. அதற்குப் பிறகு நாடகமே இல்லை. பக்கத்துப் பட்டினத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்து உப்புக் கிடங்கு ஒன்று பாழாகக் கிடந்தது. பழுதுபார்த்துக்கொண்டால் நாடகம் போடத் தருவதாக அரசாங்கத்தில் சொன்னார்கள்.

மன்றத்தில் நடிப்பவர்கள் ஐந்து பேர், கமிட்டி பதினோரு பேர். ஐவரும் உப்பரித்த சுவரைச் சுரண்டினார்கள், ஓடு மாற்றினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். பதினொருவரும் கூட்டம் போட்டார்கள். கமிட்டியில் தனக்கும் ஓர் இடம் வேண்டுமென்று நீலா கேட்டாள்.

“கைநாட்டுக்கெல்லாம் கமிட்டியா? போய்ச் சுவரைப் பாரு புள்ள” என்றார் செயலாளர் சிதம்பரநாதன்.

பார்த்தாள். மன்றத்துப் பழைய நோட்டீஸில் அச்சாகியிருந்த தன் பெயரைப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, கறுத்த சுவரில் சுண்ணாம்பு மட்டையாலேயே எழுதிப் பழகினாள். அடுத்த பூச்சில் மறைத்துவிடுவாள். அப்பா கொஞ்சம் சின்னப் பெயராக வைத்திருக்கலாம்.

கமிட்டியும் ஒரு வேலை செய்தது. பதினோரு பெயரையும் பதவியோடும் பட்டத்தோடும் கருங்கல்லில் வெட்டினார்கள். கல் ஆள் உயரம். அதற்குத் தோதான இடம் வேறு எங்கும் அமையவில்லையாம். மேடைக்குப் பின்னால் நடிகர்கள் வந்துபோகும் வாசலை அடைத்து அதில் பதித்தார்கள். ஒத்திகையன்று ராணி ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து அரசவைக்குப் போனாள்.

சாவி கொடுக்க வந்த அதிகாரி ஜன்னலையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். “தீப்பிடிச்சா இவங்க எப்படிங்க வெளியே வருவாங்க? கல்லை எடுத்துட்டு வாசலைத் திறக்கிறோம்னு மன்றத்து ஆள் ஒருத்தர் கையெழுத்துப் போடுங்க. போடுறவர்கிட்டதான் சாவி. இல்லாட்டி இன்னைக்கே உர மூட்டை அடுக்கக் கொடுத்துடுவேன்.”

தலைவருக்குப் பேனா கிடைக்கவில்லை. பொருளாளருக்குக் கண்ணாடி வீட்டில். துணைத்தலைவர் வெற்றிலை துப்பப் போனவர் திரும்பவில்லை.

“கல்லை வச்சது வச்சதுதாங்க. வேணும்னா ஜன்னலைப் பெரிசாக்கிடுவோம்” என்றார் சிதம்பரநாதன்.

நீலா முன்னால் வந்தாள். “அந்தக் கல்லுல என் பேரு இல்லீங்களே அண்ணே. எடுக்க எனக்கென்ன? நான் போடுறேன்.”

“மைப்பெட்டிக்கு எங்கே போறது?” என்று கமிட்டியைப் பார்த்துச் சிரித்தார் செயலாளர்.

அவள் அதிகாரியின் பேனாவை வாங்கினாள். அவர் இரண்டு தடவை கடிகாரம் பார்க்கும் வரை எழுதினாள். ஓர் எழுத்தும் விடவில்லை. சாவி அவள் கைக்கு வந்தது. சிதம்பரநாதன் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிழை ஒன்றும் அகப்படவில்லை.

என் தங்கை முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள்: 1979 செப்டம்பர் 12, புதன்கிழமை.