டிக்கியைத் திறக்காத அம்மா

எங்கள் அப்பாவை நோர்வேயில் யாரும் சோதனை போடத் தேவையில்லை. கேட்பதற்கு முன்பே அவர் தன்னைத் தானே சோதனை போட்டுக் கொடுத்துவிடுவார். விமான நிலையத்தில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னால் சப்பாத்து, மணிக்கூடு எல்லாம் கழற்றி, பொக்கற்றையும் வெளியே இழுத்துக் காட்டுவார். யாழ்ப்பாணத்தில் ரோட்டை மறித்து நின்ற ஒவ்வொரு ஆமிச் சென்றியிலும் பஸ்ஸால் இறங்கி, ஆமிக்காரன் முன்னால் பையைத் திறந்து பிடித்தபடி நடந்து பழகிய மனுஷன். அதையெல்லாம் அவர் பகிடியாகத்தான் சொல்வார். நாங்களும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

எனக்குப் பத்து வயதிருக்கும். கோயில் திருவிழாவுக்காக, எங்கள் வீடு இருந்த லில்லெஸ்ட்ரோமில் இருந்து ஒஸ்லோவுக்குக் காலையிலேயே வெளிக்கிட்டிருந்தோம். நான் பட்டுப் பாவாடையில் இருந்தேன். டிக்கியில் அம்மா அவித்த மோதகம் ஒரு பெரிய சட்டி நிறைய இருந்தது. வழியில் ஒரு வளைவில் பொலிஸ் எல்லாக் கார்களையும் மறித்துக்கொண்டிருந்தது. யாராவது குடித்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று பார்க்கும் வழக்கமான சோதனைதான். சாரதி இருந்த இடத்தில் இருந்தபடியே ஒரு குழாயில் ஊதினால் போதும், அனுப்பிவிடுவார்கள்.

அப்பா ஊதினார். ஊதிய கையோடு இறங்கிவிட்டார். எங்களையும் இறக்கி, அடையாள அட்டைகளைக் கையில் தந்து, ரோட்டோரத்தில் வரிசையாக நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து என் வகுப்புப் பெடியன் ஒருவன் பின்னால் வந்த காரில் இருந்து எனக்குக் கை காட்டினான். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போலிருந்தது. அப்பாவோ டிக்கிப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்.

ஊதக் குழாய் நீட்டிய இளம் பொலிஸ்காரன் பாவம், ஒரு குடும்பம் இப்படி வரிசையில் நிற்பதை அவன் எங்கே பார்த்திருக்கப் போகிறான்? கேளாமலே டிக்கியைத் திறக்க ஓடுகிறவர் மேல் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சிரிப்பை நிறுத்தினான். கார் யாருடையது என்று கேட்டான். அப்பா அம்மாவைக் காட்டினார். முதியோர் இல்லத்தில் இரவும் பகலும் வேலை செய்து அவள் வாங்கிய கார் அது. டிக்கியைப் பார்க்கலாமா என்று அவளிடம் கேட்டான்.

அம்மா டிக்கி மூடியில் கையை ஊன்றி நின்றாள். நோர்வேஜிய மொழி வகுப்பில் படித்த இரண்டு சொற்கள் அந்த நேரம் அவளுக்குக் கைகொடுத்தன.

“மோ யெய்?” என்றாள். கட்டாயமா என்று அர்த்தம்.

அவன் திரும்பித் தனக்குப் பின்னால் நின்ற வயதான பொலிஸ்காரியைப் பார்த்தான். அவள் நேர்மையான பெண். கட்டாயம் இல்லை, நாங்கள் விருப்பத்தைத்தான் கேட்கிறோம், மறுக்கலாம் என்றாள்.

“அப்ப நான் விரும்பேல்லை,” என்று அம்மா நோர்வேஜிய மொழியிலும் சொல்லித் தமிழிலும் சொன்னாள்.

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. குடியுரிமை கேட்டு எழுதிப்போட்டு, பதிலுக்காகக் காத்திருந்த காலம் அது. பொலிஸோடு ஒரு சின்னச் சச்சரவு வந்தாலும் அது போய்விடும் என்று பயந்தார்.

“இஞ்சையப்பா, என்ன வேலை பாக்கிறீர்? மோதகம்தானே கிடக்கு, காட்டிப்போட்டுப் போவம்.”

“மோதகம் எண்டபடியால்தான் காட்டமாட்டன்,” என்றாள் அம்மா. “நீங்கள் பேசாமல் நில்லுங்கோ.”

பொலிஸார் இருவரும் எங்கள் அட்டைகளை வாங்கிக்கொண்டு தள்ளி நின்று கதைத்தார்கள். ரேடியோவில் எதையோ கேட்டார்கள். அவ்வளவு நேரமும் அம்மா மூடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு அடம்பிடிக்கிறாள் என்றால் உள்ளே ஏதோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு பொலிஸ்காரி வந்து அட்டைகளைத் திருப்பித் தந்து, நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லிப் போகவிட்டாள்.

கோயிலில் டிக்கி திறந்ததும் முதல் ஆளாக எட்டிப் பார்த்தேன். மோதகச் சட்டி, தேங்காய், என் மாற்றுச் சட்டை. வேறொன்றும் இல்லை. பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது. ஒளிக்க ஒன்றுமில்லாவிட்டால் காட்டினால் என்ன என்று இன்றைக்கும் படித்தவர்களே என்னிடம் கேட்கிறார்கள். ஒளிக்க ஒன்றுமில்லை என்பதற்காக உன் கைப்பையை நடுரோட்டில் கொட்டிக் காட்டுவாயா என்று திருப்பிக் கேட்பேன். பத்து வயதில் இந்த வாய் எனக்கு இருக்கவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வெளிக்கிட்டபோது அப்பா வேறு ரோட்டால் போகத் திருப்பினார்.

“ஏன்? வந்த ரோட்டாலையே போங்கோ,” என்றாள் அம்மா. “பொலிஸ் நிண்டால் நிக்கட்டும்.”

இவளுக்கு விசர் பிடித்துவிட்டது என்று எனக்குப் பட்டது. அப்பா வாய்க்குள் முணுமுணுத்தபடி திருப்பினார். அந்த வளைவு வந்ததும் அம்மா கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை. அவள் முகம் வாடிப்போயிற்று. தப்பினோம் என்று சந்தோஷப்படாமல் இவள் ஏன் வாடுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. சீருடை போட்ட ஒருவர் தன்னைக் கேட்டதையும், தான் மாட்டேன் என்றதும் விலகிப் போனதையும் அம்மா தன் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கண்டாள். அந்த ‘மாட்டேன்’ என்பதை இன்னொரு முறை சொல்லிப் பார்க்க அவள் ஆசைப்பட்டாள்.